வயசா, வெயிலா? மருந்துக்கடை கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் தோல் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். தோல் விஷயமாக வருகிறவர்களில் பாதிப் பேர் சீட்டு இல்லாமல்தான் வருவார்கள். கையை நீட்டி, "வயசாயிடுச்சு, அதான் இப்படி" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். உற்றுப் பார்த்தால் வயதின் பேரில் வெயில் செய்த வேலை நிறைய இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எது வயசால் வந்தது, எது வெயிலால் வந்தது? எப்படித் தெரியும்?

கையைத் தூக்குங்கள். முழங்கைக்கு மேலே, உடம்போடு ஒட்டியே இருக்கும் உட்பக்கத்தைப் பாருங்கள். அந்த இடத்தைச் சூரியன் அதிகம் பார்த்ததே இல்லை. அங்கே தெரிவது உங்கள் வயசு. அப்புறம் அதே கையைத் திருப்பிப் புறங்கையைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வெயிலின் கணக்கு.

என் அம்மாவுக்கு 74. கையின் உட்பக்கம் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி மாதிரி இருக்கிறது: மெல்லிசு, பொடிப்பொடியாகச் சுருக்கம், ஆனால் ஒரே நிறம், தொட்டால் மிருது. புறங்கையோ திட்டுத் திட்டாகக் கருத்து, சொரசொரத்து, வேறு யாருடைய கையோ என்று தோன்றும். 40 கோடைகாலம் மொட்டை மாடியில் வடாம் பிழிந்த கை அது. ரவிக்கைக் கை முடியும் இடத்தில் கோடு கிழித்த மாதிரி இரண்டு நிறம்.

வயசு மட்டும் வேலை செய்தால் தோல் மெலியும், வறளும், தளரும். நிறம் பெரிதாகக் கெடாது. வெயிலும் சேர்ந்துகொண்டால் கருந்திட்டு, தடிப்பு, ஆழமான மடிப்பு எல்லாம் வரும். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால், வருஷக்கணக்கில் கடலுக்குப் போய்வரும் பெரியவர்களின் பின்கழுத்தைக் கவனியுங்கள். காய்ந்த ஏரி வெடித்த மாதிரி கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். வயசு மட்டும் அப்படி உழாது.

அப்போ வெயிலே படாமல் இருந்தால் தோல் அப்படியே இருக்குமா?

இருக்காது. மேல்தோலுக்குக் கீழே உள்தோல் இருக்கிறது, அதற்கும் கீழே கொழுப்பு. உள்தோலைத் தாங்குவது கொலாஜன் என்ற புரத நார். கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு எப்படியோ, தோலுக்கு அது. 20களின் நடுவிலிருந்தே ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் குறைந்துகொண்டு வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை போய்விடும். "இந்த ரெண்டு வருஷத்துலதான் திடீர்னு இப்படி ஆயிட்டேன்" என்று 50களில் உள்ள அக்காமார்கள் சொல்வது பிரமை அல்ல.

மேல்தோலின் செல்கள் அடியில் பிறந்து, மேலே வந்து உதிர இளமையில் சுமார் 4 வாரம் ஆகும். வயசானால் அது 6 வாரத்தையும் தாண்டும். எண்ணெய்ச் சுரப்பு குறையும். கன்னத்தின் கொழுப்பு இடம் மாறும், அடியில் தாடை எலும்பே கொஞ்சம் கரையும். முகம் தொங்குவதற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. கிரீம் அவ்வளவு ஆழம் போகாது.

வெயில் தோலுக்குள் என்னதான் செய்கிறது?

சுடுவது வேறு, கெடுப்பது வேறு. நமக்குச் சூடாகத் தெரிவது அகச்சிவப்புக் கதிர். தோலை முதிர வைப்பதில் முக்கியப் பங்கு புற ஊதாக் கதிருக்கு. அது கண்ணுக்கும் தெரியாது, உடம்புக்கும் உறைக்காது. அதில் இரண்டு வகை நம் மேல் விழுகிறது. யூவி-பி என்பது மேல்தோலோடு நின்றுவிடும். எரிச்சல், தோல் உரிதல், செல்லின் டிஎன்ஏவில் கீறல், எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை. யூவி-ஏ உள்தோல் வரை இறங்கும். தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் சுமார் 95 சதவீதம் இதுதான்.

இந்தக் கதிர்கள் படப்பட, உள்தோலில் சில நொதிகள் விழித்துக்கொண்டு கொலாஜனை வெட்ட ஆரம்பிக்கும். தோல் அதைத் திரும்பக் கட்டும், ஆனால் முன்போல் ஒழுங்காகக் கட்டாது. இழுத்தால் திரும்ப வைக்கிற எலாஸ்டின் நார்கள் சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரிக் குவியும். எரியாது, வலிக்காது, 15 வருஷம் கழித்துத்தான் தெரியும்.

நமக்குத்தான் கறுப்புத் தோல் ஆச்சே, வெயில் என்ன செய்யும்?

பாதி சரி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நிஜமாகவே நல்ல குடை. அமெரிக்காவில் அளந்து பார்த்ததில் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மேல்தோலுக்கு இயல்பாகவே எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் ட்யூபில் போட்டிருக்கும் காப்பு எண்) 13 அளவுக்குக் காப்பு இருந்தது. வெள்ளையர்களுக்கு 3 சொச்சம். நாம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். அதனால்தான் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவு, சுருக்கமும் வெள்ளையர்களைவிடப் பல வருஷம் தள்ளி வருகிறது.

மீதிப் பாதி இது: அந்த மெலனின் செல்கள் ரொம்ப ரோஷக்காரர்கள். வெயில் பட்டால், பரு வந்தால், கொசு கடித்ததைச் சொறிந்தால், உடனே கறுப்பைக் கொட்டிவிடும். வெளிநாட்டுப் பத்திரிகைகள் வெயில் என்றதும் சுருக்கத்தைப் பற்றியே எழுதும். நம் ஊரில் வெயிலின் மூப்பு முதலில் நிறத்தில் தெரியும். கன்னத்தில் திட்டு, கண்ணோரம் கருமை, நெற்றி ஒரு நிறம், தாடை ஒரு நிறம். கோடு அப்புறம் வரும்.

நான் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறேன். எனக்கு என்ன?

சாதாரணக் கண்ணாடி யூவி-பியைத் தடுக்கும், யூவி-ஏவை நிறைய உள்ளே விடும். முன்கண்ணாடி இரண்டு அடுக்காக நடுவில் பிளாஸ்டிக் வைத்துச் செய்தது, அது பரவாயில்லை. பக்கக் கண்ணாடிதான் ஓட்டை.

2012-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படம் பிரசித்தம். 69 வயது லாரி ஓட்டுநர், 28 வருஷம் வண்டி ஓட்டியவர். முகத்தின் இடது பாதி வலது பாதியைவிடப் பத்திருபது வயது மூத்த மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. அங்கே ஓட்டுநர் ஜன்னல் இடதுபுறம். நம் ஊரில் ஜன்னல் வலதுபுறம், ஆகவே கடைக்கு வரும் கால் டாக்ஸி ஓட்டுநர்களின் வலது முழங்கையை நான் பார்ப்பேன். பெரும்பாலும் கணக்கு தப்பாது.

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் ஜன்னலோர இருக்கை வாங்கியிருப்பவர்களுக்கும் இதேதான்.

சென்னையில் எந்த நேர வெயில் மோசம்? கத்திரி வெயில்தானே?

சூட்டுக்குக் கத்திரி. மே 4 முதல் 28 வரை என்று நாள்காட்டியே சொல்லிவிடும். புற ஊதா அந்த நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் வருஷத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆகஸ்டில் மேகம் போட்டு இதமாக இருக்கிறது என்று வெளியே சுற்றுகிறோமே, அப்போதும் இடைவெளி கிடைத்தால் முழு வீச்சில்தான் அடிக்கும். மெல்லிய மேகம் புற ஊதாவைப் பெரிதாகத் தடுக்காது.

உச்சி நேரம் இங்கே சுமார் 12:10. சூடு உச்சத்துக்குப் போவது அதற்கு அப்புறம். இதற்கிடையில் கடற்காற்று உள்ளே வந்துவிடும். பெசன்ட் நகரில் காற்று சில்லென்று பட்டதும் "வெயில் தணிந்துவிட்டது" என்று நினைக்கிறோம். தணிந்தது சூடு. கதிர் அப்படியேதான் இருக்கும், கூடவே மணல் 15 சதவீதம் போலத் திருப்பி அடிக்கும். குடைக்குக் கீழே உட்கார்ந்தும் கறுப்பது அதனால்தான்.

யூவி குறியீடு என்று ஒன்று செல்போனில் வானிலையோடு வரும். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை. நம் கோடை நண்பகல்களில் அது சகஜமாகத் தாண்டும், மார்கழி நண்பகலில்கூட 3-க்கு நன்றாக மேலே நிற்கும். போன் பார்க்க முடியாதா? நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது.

டூவீலரில் துப்பட்டா சுற்றிக்கொண்டு போவது பயன்படுமா?

ரொம்ப. நெருக்கமாக நெய்த துணியாக, கொஞ்சம் அடர் நிறமாக இருக்கட்டும். வெளுத்துப்போன மெல்லிய பருத்தி, அதிலும் வியர்வையில் நனைந்தது என்றால், பாதிக்குப் பாதி ஏமாற்று. முழங்கை வரை போடும் கையுறையை நான் மனதார ஆதரிக்கிறேன். கேலி செய்யும் ஆண்களுக்குத்தான் 45 வயதில் புறங்கை திட்டுத் திட்டாகிறது. ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் வைசர் புற ஊதாவை நன்றாகவே தடுக்கும், இறக்கி விட்டால். நடந்து போகிறவர்களுக்குத் தாத்தா காலத்துக் கறுப்புக் குடையை அடிக்க ஆள் இல்லை.

சன்ஸ்கிரீன் எது வாங்குவது, எவ்வளவு போடுவது?

எது என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள். எஸ்பிஎஃப் 15 யூவி-பியில் சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. 30-க்கும் 50-க்கும் நடுவே காகிதத்தில் அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி எடுத்தது. நாம் பூசுவது அதில் கால்வாசியோ பாதியோ. குறைத்துப் பூசுகிற கைக்கு 50 வாங்குவதே நல்லது. யூவி-ஏவுக்குப் பிஏ என்று போட்டு எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பாருங்கள். குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குக் கோடு போட்டால் அளவு சரி. அது ஒரு கிராமுக்கு மேல் வரும். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போட்டாலே 50 கிராம் ட்யூப் ஒரு மாதம் தாண்டாது. "போன தீபாவளிக்கு வாங்கினேன், இன்னும் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், அவர் பூசியது நம்பிக்கையை மட்டும்தான்.

வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வியர்த்துத் துடைத்தால் உடனே மறுபடி. இது சென்னையில் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். முழுசாக நடக்காது. அதனால்தான் துணியையும் குடையையும் முதலில் சொன்னேன். வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறதென்றால் அதில் ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ கூடுதலாக இருக்கும். ஜெல் வகைக்கு மாறுங்கள்.

பலன் உண்டா என்றால் உண்டு. ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 900 பேருக்கு மேல் வைத்து நாலரை வருஷம் பார்த்தார்கள். தினமும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு என்று 2013-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வேண்டாம். நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சன்ஸ்கிரீன் போட்டால் வைட்டமின் டி குறையாதா?

நாம் பூசும் அழகுக்குக் குறையாது. வைட்டமின் டி தயாராவது யூவி-பியில். ஆகவே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து "வெயில் காய்கிறேன்" என்பவர்களுக்கு வைட்டமினும் கிடைக்காது, யூவி-ஏ மட்டும் இலவசமாகக் கிடைக்கும். ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று வந்தால் டாக்டர் சொல்லும் மாத்திரை சாப்பிடுங்கள். முகத்தை அடமானம் வைக்க வேண்டாம்.

முகத்தில் மங்கு வந்திருக்கிறது. வயசாலா?

கன்னத்தில், மூக்குக்கு மேல், மேலுதட்டில் பழுப்பாகப் பரவும் மங்குக்கு வெயில், கர்ப்பம், ஹார்மோன் மாத்திரை, குடும்ப வாகு எல்லாம் சேர்ந்து காரணம். பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தானாக மங்கும். சிகிச்சையில் குறைந்தாலும் இரண்டு நாள் வெயிலில் அலைந்தால் திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இதைத் தூண்டுவதால், அயர்ன் ஆக்சைடு சேர்த்து நிறம் கொடுத்த சன்ஸ்கிரீன் மங்குக்காரர்களுக்குக் கூடுதலாக உதவும்.

அந்தச் சின்ன ட்யூப் கொடுங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பத்து நாளில் வெளுத்துவிட்டது.

இது கேள்வி இல்லை, ஆர்டர். நான் தருவதில்லை. அதில் இருப்பது பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளபளக்கும், உண்மைதான். பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும், வெயிலில் நின்றால் தீயாய் எரியும். விட்டால் இன்னும் மோசமாகும், அதனால் மறுபடி பூசுவார்கள். இது ஒரு குடி மாதிரி. வயசும் வெயிலும் 20 வருஷத்தில் செய்வதை இந்த ட்யூப் ஒரே வருஷத்தில் செய்துவிடும்.

2018-இல் மத்திய அரசு இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. நான் இல்லை என்றால் "அடுத்த தெருவில் தருவார்கள்" என்பார்கள். தரவும் செய்கிறார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் போய்ப் படிப்படியாக வெளியே வாருங்கள்.

கை காலில் கடுகு அளவில் வெள்ளைப் புள்ளிகள். வெண்குஷ்டமா?

இந்தக் கேள்வியைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். 40 வயதுக்கு மேல், முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும், மழைத்துளி தெறித்த மாதிரி, சில மில்லிமீட்டர் அளவில், பெரிதாகாமல், அரிக்காமல் இருந்தால் பெரும்பாலும் வயசும் வெயிலும் சேர்ந்து அங்கங்கே நிறத்தை அணைத்துவிட்ட புள்ளிகள். தொற்றாது, பரவி ஒன்று சேராது. வெண்புள்ளி நோய் வேறு, தொழுநோய் அதைவிட வேறு. புள்ளி பெரிதானாலோ உணர்ச்சி இல்லாமல் போனாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

கழுத்துக் கருப்பும் நெற்றியோரக் கருப்பும் வெயிலால்தானே?

கழுத்து மடிப்பில் வெல்வெட் மாதிரித் தடித்த கருப்பு பெரும்பாலும் இன்சுலின் சமாசாரம். தேய்த்தால் போகாது, சர்க்கரையும் எடையும் பார்க்க வேண்டும். நெற்றியோரம், காதோரம் மட்டும் கருக்கிறதென்றால் தலைச்சாயத்தைச் சந்தேகப்படுங்கள். எல்லாப் பழியையும் சூரியன் மேல் போடுவதும் நியாயமில்லை.

மஞ்சள், எலுமிச்சை, தேங்காய் எண்ணெய்?

மஞ்சள் பூசுங்கள், ஒத்துக்கொண்டால் தொந்தரவில்லை. தேங்காய் எண்ணெய் ஈரத்தைக் காக்கும், சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது. எலுமிச்சை மட்டும் வேண்டாம். அதில் உள்ள ஃபுரோகூமரின் என்ற பொருள் யூவி-ஏ பட்டதும் தோலைச் சுடும். சாறு வழிந்த தடத்திலேயே கொப்புளம் வந்து, மாதக்கணக்கில் கறுப்பாக நிற்கும்.

சுருக்கத்தைப் போக்கும் கிரீம் ஒன்றாவது வேலை செய்யுமா?

வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டு குடும்பத்துக்குச் சான்று இருக்கிறது. ட்ரெட்டினாயின் சீட்டோடு, ரெட்டினால் சீட்டில்லாமல். இரவில், பட்டாணி அளவு, முதலில் வாரத்துக்கு இரண்டு நாள். ஆரம்பத்தில் உரியும், எரியும். 3 மாதத்துக்கு முன்னால் கண்ணாடியில் தேடாதீர்கள். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடக் கூடாது. கொலாஜன் பொடியை வயிறு வேறு எந்தப் புரதத்தையும் போலத்தான் உடைக்கும். அந்தப் பணத்துக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம் என்பது என் கட்சி. சிகரெட்டை விட்டால் அது எந்த கிரீமையும்விட நன்றாக வேலை செய்யும்.

அப்பாவுக்குக் கால் அரிக்கிறது, கையில் இடித்துக்கொள்ளாமலே நீலம் பூக்கிறது.

வயதான தோலில் எண்ணெய் குறைவு. தினமும் இரண்டு வேளை வெந்நீர், சோப்பு என்றால் மிச்சமும் போய்விடும். சோப்பை அக்குளோடும் தொடையிடுக்கோடும் நிறுத்துங்கள். குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். தடிப்பே இல்லாமல் வாரக்கணக்கில் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை பார்க்க வேண்டும்.

முன்கையின் நீலத்துக்குக் காரணம், வெயில் தின்ற தோலில் ரத்தக்குழாயைத் தாங்கப் பஞ்சு இல்லாமல் போவது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சுலபமாக வரும். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். உடம்பில் வேறு இடத்திலும் நீலம் வந்தால் காட்டுங்கள்.

எப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும்?

ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் முடிச்சு, வடிவமோ நிறமோ மாறும் மச்சம், உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கருமை. இவை தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை, நம் நிறத்தவர்களும் அதில் விதிவிலக்கு இல்லை.

எனக்கு 60 தாண்டிவிட்டது. இனிமேல் பார்த்து என்ன ஆகப்போகிறது?

வெயிலை நிறுத்திய தோல் கொஞ்சம் தன்னைத்தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும், 60-லும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "வடாம் போடறதை விடணுமா?" என்றுதான் முதலில் கேட்டார். விடவில்லை. விடியற்காலையில் பிழிந்துவிடுகிறார். காக்காய்க்குப் பயங்காட்ட மாடியில் விரித்து வைப்போமே கறுப்புக் குடை, காவல் இருக்கும்போது இப்போது அதன் கீழே அவரே உட்கார்ந்துகொள்கிறார்.